சோர்ந்துபோகாமல் வேகம் கூட்ட: லோ-லெவல் பெர்ஃபார்மன்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஒரு பட்டன் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால், அது வேலை செய்யத் தொடங்கியதும் உங்கள் வேலை முடிந்துவிடும். வேகப்படுத்தும் வேலைக்கு அப்படி ஒரு முடிவு தானாக வராது. 12 மில்லிசெகண்ட் எடுத்த ஃபங்ஷனை 9-க்கு இறக்கிய மறுநிமிடமே '8 ஆகாதா?' என்று மனம் கேட்கும். போதாததற்கு, செய்துபார்க்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை பலிக்காது. சில மாற்றங்கள் இருந்த வேகத்தையும் குறைத்துவிடும். முடிவு தெரியாத வேலையும் அடிக்கடி தோற்கும் முயற்சியும் சேரும் இடத்தில்தான் நல்ல ஆட்கள் ஓய்ந்துபோகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் பர்ன்அவுட், அதாவது வேலையால் ஓய்ந்துபோவது, ஒரு நோயாக இல்லை; சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவாக வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மூன்று முகங்கள்: உடலும் மனமும் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்பு வருவது, 'நான் செய்வதால் எந்தப் பயனும் இல்லை' என்று தோன்றுவது. லோ-லெவல் வேலையில் பெரும்பாலும் மூன்றாவதுதான் முதலில் வருகிறது என்பது எங்கள் பார்வை. இரண்டு நாள் அசெம்பிளியைப் (கம்பைலர் பிராசசருக்காக எழுதும் அடிமட்டக் கட்டளைகள்) படித்து, இரண்டு நாள் மாற்றி எழுதி, கடைசியில் எண் அசையாமல் நிற்கும்போது அந்த எண்ணம் உள்ளே நுழையும். அதனால் 'நன்றாகத் தூங்குங்கள், லீவு எடுங்கள்' என்ற அறிவுரை மட்டும் இங்கே போதாது. வேலை செய்யும் முறையையே மாற்ற வேண்டும். தொடங்கும் முன்பே எல்லையைக் கணக்கிட வேண்டும். நம்பத்தக்க அளவுகோல் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

கீழே சொல்வது சி, சி++, ரஸ்ட் போன்ற மொழிகளில், லினக்ஸில் வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

1. புரோகிராம் கோடைத் தொடும் முன் பேப்பரில் கணக்கு

முதல் கேள்வி 'இதை எப்படி வேகமாக்குவது?' அல்ல. 'இந்த மெஷினில் இந்த வேலை குறைந்தது எவ்வளவு நேரம் எடுத்தே தீரும்?' என்பதுதான். அதற்குச் சில எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். 4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சைக்கிள், அதாவது பிராசசரின் ஒரு துடிப்பு, என்பது 0.25 நானோசெகண்ட். இன்றைய டெஸ்க்டாப், சர்வர் பிராசசர்களில் எல்1 கேஷிலிருந்து (கேஷ் என்பது பிராசசருக்குள் இருக்கும் சிறிய, வேகமான மெமரி) ஒரு மதிப்பை எடுக்கச் சுமார் 4 அல்லது 5 சைக்கிள், எல்2-க்கு 12 முதல் 15, எல்3-க்கு 40 முதல் 70. மெயின் மெமரிவரை போனால் 80 முதல் 100 நானோசெகண்ட், அதாவது 300 சைக்கிளுக்கு மேல். பிராஞ்ச் ஒன்றை, அதாவது நிபந்தனையைப் பொறுத்து வழி பிரியும் இடத்தை, பிராசசர் தவறாக ஊகித்தால் 15 முதல் 20 சைக்கிள் வீண். மெமரியிலிருந்து ஒரு பைட் கேட்டாலும் ஒரு முழு கேஷ் லைன் வரும்: எக்ஸ்86-ல் 64 பைட், ஆப்பிளின் எம் வரிசை சிப்களில் 128.

ஒரு சின்ன உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். 4,096 ஃப்ளோட் எண்கள் கொண்ட ஓர் அர்ரே. அதன் கூட்டுத்தொகை வேண்டும். ஒவ்வொன்றும் 4 பைட் என்பதால் மொத்தம் 16 கிலோபைட். 32 கிலோபைட் எல்1 கேஷில் தாராளமாக அடங்கும், ஆகவே மெமரி இங்கே பிரச்சினை இல்லை.

சாதாரண லூப், ஒரே வேரியபிளில் ஒவ்வொன்றாகக் கூட்டும். ஒரு கூட்டலின் விடை வந்த பிறகுதான் அடுத்த கூட்டல் தொடங்க முடியும். ஃப்ளோட் கூட்டலுக்கு 4 சைக்கிள் பிடிக்கும் பிராசசரில் 4,096 × 4 = சுமார் 16,400 சைக்கிள். ஆனால் அதே பிராசசரால் ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு கூட்டல்களைத் தொடங்க முடியும். நம் லூப் எப்போதும் முந்தைய விடைக்காகக் காத்து நிற்பதால், அந்தத் திறனில் எட்டில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறது.

இனி அதே கூட்டலை 4 தனித்தனி வேரியபிள்களில் பிரித்துச் செய்து கடைசியில் சேர்த்தால், நான்கு சங்கிலிகள் அருகருகே ஓடும்: சுமார் 4,100 சைக்கிள். 8 வேரியபிள்கள் வைத்தால் 2,050. அதற்கு மேல் வேரியபிள் கூட்டிப் பலனில்லை, ஏனென்றால் சைக்கிளுக்கு இரண்டு கூட்டல் என்ற உச்சத்தைத் தொட்டாயிற்று. அடுத்து ஏவிஎக்ஸ்2, ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் வசதி: ஒரு வெக்டரில் 8 ஃப்ளோட். 8 வெக்டர் வேரியபிள்களோடு எழுதினால் 512 வெக்டர் கூட்டல்கள், சைக்கிளுக்கு இரண்டு வீதம் 256 சைக்கிள். லூப் முடியும் இடத்தில் ஒரு பிராஞ்ச் தவறு, 8 வெக்டர்களை ஒரே எண்ணாகச் சுருக்கும் செலவு எல்லாம் சேர்த்து 300-ஐ ஒட்டி வந்தால், அதுதான் முடிவு. அந்த லூப்பில் இனி எடுக்க ஒன்றும் இல்லை. 16,400-ல் தொடங்கி 300-ல் நின்றது ஏன், ஏன் 200 ஆகாது என்று இரண்டையும் உங்களால் சொல்ல முடிகிறது. இந்த வேலையில் கிடைக்கும் நிறைவுக்கு அடித்தளம் இதுதான்.

அதே கோடை 10 கோடி ஃப்ளோட்களுக்கு ஓட்டிப் பாருங்கள், கதை வேறு. 400 மெகாபைட் எந்தக் கேஷிலும் அடங்காது. ஒரு கோர் மெமரியிலிருந்து செகண்டுக்கு 20 கிகாபைட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், வெறுமனே படிப்பதற்கே 20 மில்லிசெகண்ட். சாதாரண லூப் எடுப்பது சுமார் 100 மில்லிசெகண்ட். ஆக, எவ்வளவு திறமையாக எழுதினாலும் 5 மடங்குதான் லாபம். சிறிய அர்ரேயில் பார்த்த 50 மடங்கு இங்கே வரவே வராது. இந்தக் கணக்கைப் போடாமல் இறங்குபவர், 'என் கோடில்தான் குறை' என்று ஒரு வாரம் தன்னையே நொந்துகொள்வார். குறை கோடில் இல்லை, மெமரியையும் பிராசசரையும் இணைக்கும் பஸ்ஸின் அகலத்தில்.

கம்பைலர் இதைத் தானே ஏன் செய்வதில்லை என்ற கேள்வி வரும். ஃப்ளோட் கூட்டலில் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். நீங்கள் அனுமதி தராமல் கம்பைலர் வரிசையை மாற்றாது. ஃபாஸ்ட்-மேத் ஆப்ஷன் அந்த அனுமதியைத் தருகிறது. ஆனால் அதை மொத்த புராஜெக்டுக்கும் போடாதீர்கள்: எண்ணல்லாத மதிப்பு, முடிவிலி இவற்றுக்கான சோதனைகளையும் கம்பைலர் நீக்கிவிட அது வழிசெய்யும். பிழை பல மாதம் கழித்து வேறெங்கோ தலைகாட்டும்.

2. அளவுகோலைச் சோதிக்க அரை நாள்

இதைத் தவிர்க்கும் ஆட்களே அதிகம் சோர்கிறார்கள். காலையில் 6 சதவீத முன்னேற்றம், மாலையில் அது காணாமல் போகிறது, மறுநாள் 3 சதவீதம் மோசம். இப்படி ஒரு வாரம் போனால் யாருக்கும் மனம் விட்டுப்போகும்.

முதலில் ஏ/ஏ சோதனை செய்யுங்கள். ஒரே பைனரியை இரண்டு பெயர்களில் வைத்து, மாற்றி மாற்றி 20 முறை ஓட்டி, இரண்டு வேறு புரோகிராம்களைப் போல ஒப்பிடுங்கள். வித்தியாசம் பூஜ்யமாக வர வேண்டும், வராது. 3 சதவீதம் காட்டினால், உங்கள் அளவுகோலின் தடுமாற்றம் 3 சதவீதம் என்று பொருள். அதற்குக் கீழான எந்த முன்னேற்றத்துக்கும் மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம்.

பிறகு அந்தத் தடுமாற்றத்தைக் குறையுங்கள். லேப்டாப்பில் அளக்காதீர்கள், சூடேறச் சூடேற அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேறு வழியில்லை என்றால் சார்ஜரைச் செருகி, ஓட்டங்களுக்கு நடுவே ஆற விடுங்கள். பிராசசரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸ் நிலைக்கு மாற்றுங்கள், தானாக வேகம் கூட்டும் டர்போவை அணையுங்கள், டாஸ்க்செட் கொண்டு புரோகிராமை ஒரே கோரில் கட்டிப்போடுங்கள். பகிர்ந்து பயன்படுத்தும் கிளவுட் மெஷினில் பக்கத்து வாடிக்கையாளரின் சுமையும் உங்கள் எண்ணில் சேரும். லினக்ஸின் அளவீட்டுக் கருவியான பெர்ஃப் படிக்கும் பிராசசர் கவுன்ட்டர்கள் பல இடங்களில் கிடைப்பதும் இல்லை.

புதியவர்கள் விழும் குழிகள் சில உண்டு. பெஞ்ச்மார்க் (வேகம் அளக்கும் சோதனை) 0.2 நானோசெகண்ட் என்று காட்டினால் கொண்டாட வேண்டாம். விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்று கண்டு கம்பைலர் மொத்த லூப்பையும் நீக்கியிருக்கும். விடையை அச்சிடுங்கள், அல்லது பெஞ்ச்மார்க் லைப்ரரி தரும் 'நீக்காதே' ஃபங்ஷனுக்குள் அனுப்புங்கள். முதல் ஓட்டம் மட்டும் பல மடங்கு மெதுவாக இருந்தால் அது பேஜ் ஃபால்ட்: புதிதாகக் கேட்டு வாங்கிய 400 மெகாபைட்டை முதல்முறை தொடும்போது, 4 கிலோபைட் பேஜ்களாக ஏறக்குறைய 98,000 தடவை கெர்னல் குறுக்கிடும். ஒருமுறை தொட்டுவிட்டுப் பிறகு அளந்துபாருங்கள். சில ஆயிரம் எண்கள் கொண்ட ஒரே டேட்டாவைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், பிராஞ்ச் பிரெடிக்டர் அந்த வரிசையையே கற்றுக்கொள்ளும். நிஜ டேட்டாவில் அந்த வேகம் கிடைக்காது. நான்காவது குழி கொஞ்சம் கொடுமையானது: தொடர்பே இல்லாத ஒரு ஃபங்ஷனைச் சேர்த்தால்கூட உங்கள் லூப்பின் முகவரி நகர்ந்து வேகம் சில சதவீதம் மாறலாம். 2 சதவீத மாற்றத்தின் பின்னால் ஓட வேண்டாம் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

20 ஓட்டங்களின் சராசரியைவிட மீடியன் அல்லது மினிமம் நம்பகமானது. குறுக்கிடும் எதுவும் நேரத்தைக் கூட்டவே செய்யும், அது சராசரியை இழுத்துவிடும்.

3. எங்கே கை வைப்பது

மொத்த நேரத்தில் 5 சதவீதம் எடுக்கும் ஃபங்ஷனை அடியோடு நீக்கினாலும் மிச்சமாவது 5 சதவீதம்தான். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-ல் முன்வைத்த வாதத்தின் சாரம் இது. ஆகவே பெர்ஃப் ரெக்கார்ட் ஓட்டி, நேரம் எந்த ஃபங்ஷன்களில் போகிறது என்று காட்டும் ஃப்ளேம் கிராஃப் படத்தை எடுத்து, அகலமான பட்டை எது என்று பாருங்கள். பிரெண்டன் கிரெக் 2011-ல் உருவாக்கிய இந்தப் படத்தில் உயரம் முக்கியமில்லை, அகலமே நேரம்.

இடம் தெரிந்ததும் பெர்ஃப் ஸ்டாட். சைக்கிள், இன்ஸ்ட்ரக்‌ஷன், பிராஞ்ச் மிஸ், கேஷ் மிஸ் என்று நான்கு கவுன்ட்டர்கள் தொடக்கத்துக்குப் போதும். கேஷ் மிஸ் ஏராளம் என்றால் டேட்டாவை அடுக்கும் முறையை மாற்றுங்கள். அசெம்பிளி பக்கம் போகவே தேவையில்லை. பிராஞ்ச் மிஸ் அதிகம் என்றால் நிபந்தனையைக் கணக்காக மாற்ற முடியுமா, டேட்டாவை முன்பே வரிசைப்படுத்த முடியுமா என்று பாருங்கள். இரண்டுமே குறைவு, ஆனாலும் சைக்கிளுக்கு ஓர் இன்ஸ்ட்ரக்‌ஷன்கூட முடியவில்லை என்றால் மேலே பார்த்த காத்திருக்கும் சங்கிலியைச் சந்தேகியுங்கள். த்ரெட்களைக் கூட்டக் கூட்ட வேகம் குறைந்தால், இரண்டு த்ரெட்கள் ஒரே 64 பைட் கேஷ் லைனில் அடுத்தடுத்த வேரியபிள்களில் எழுதிக்கொண்டிருக்கலாம். அந்த வேரியபிள்களை 64 பைட் தள்ளித் தள்ளி வையுங்கள்.

கம்பைலர் உண்மையில் என்ன எழுதுகிறது என்று பார்க்க, மாட் காட்போல்ட் 2012-ல் தொடங்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரரை எப்போதும் ஒரு டேபில் திறந்து வைத்திருங்கள். கோடில் ஓர் எழுத்தை மாற்றினால் அசெம்பிளியில் எது மாறுகிறது என்பது உடனே தெரியும். மாற்றத்துக்கும் விடைக்கும் உள்ள இடைவெளி குறையக் குறைய ஆர்வம் தங்கும். உங்கள் புராஜெக்டின் பில்டுக்கு 20 நிமிடம் ஆகிறது என்றால், அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் தனி ஃபைலாகப் பிரித்து 10 செகண்டில் பில்டு ஆகும்படி செய்துகொண்ட பிறகே மற்றதைத் தொடங்குங்கள்.

4. ஊகம், கணிப்பு, கண்டது

ஒவ்வொரு முயற்சிக்கும் நோட்டில் நான்கு வரி எழுதுங்கள். கணிப்பை ஓட்டுவதற்கு முன்பே, எண்ணாகவே எழுத வேண்டும். இப்படி:

ஊகம்: கூட்டலின் காத்திருப்பே தடை.
கணிப்பு: 4 வேரியபிள்கள் வைத்தால் 16,400-லிருந்து 4,100.
கண்டது: 4,190.
முடிவு: வைத்துக்கொள்.

பலிக்காத ஒன்று:

ஊகம்: பெரிய அர்ரேயில் பிரீஃபெட்ச் இன்ஸ்ட்ரக்‌ஷன் சேர்த்தால் வேகம் கூடும்.
கணிப்பு: நேரம் 10 சதவீதம் குறையும்.
கண்டது: தடுமாற்ற எல்லைக்குள், மாற்றம் இல்லை.
முடிவு: நீக்கு. வரிசையாகப் படிக்கும்போது பிராசசரே முன்கூட்டி இழுத்துவிடுகிறது.

இரண்டாவது குறிப்பு தோல்வி அல்ல. வரிசையான படிப்புக்கு இனி பிரீஃபெட்சை முயல மாட்டீர்கள். அடுத்து வருபவரும் அதே அரை நாளை இழக்க மாட்டார். எழுதாமல் விட்டால் அந்த அரை நாள் விழலுக்கு இறைத்த நீர். எழுதிவிட்டால், வெள்ளிக்கிழமை மாலை நோட்டைப் புரட்டும்போது எண் அசையாத வாரத்திலும் ஐந்தாறு விஷயங்கள் உறுதியானது தெரியும்.

கணிப்பு பெரிதாகத் தவறினால், வேகம் கூடியிருந்தாலும் அங்கே நில்லுங்கள். 4,100 எதிர்பார்த்து 2,500 வந்தால், பெஞ்ச்மார்க் தவறு அல்லது உங்கள் புரிதல் தவறு. புரியாத வெற்றியை மெர்ஜ் செய்தால், அடுத்த கம்பைலர் அப்டேட்டில் அது மறைந்தாலும் ஏன் என்று தெரியாது.

ஒரு ஊகத்துக்கு அரை நாள்தான். அடுத்தடுத்து மூன்று ஊகங்கள் பலிக்கவில்லை என்றால் நான்காவதை எடுக்காமல் புரொஃபைலுக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் தடை நீங்கள் நினைத்த இடத்தில் இருக்காது.

சரியான விடை தரும் எளிய பழைய லூப்பை அழிக்காதீர்கள். அதை டெஸ்டில் ஒப்பீட்டுக்கு வையுங்கள். நீளம் 0, 1, 7, 8, 9, 4,095 என்று ஓட்டிப் பாருங்கள். வெக்டர் கோடின் பிழைகள் 8-ஆல் வகுபடாத மிச்சத்தில்தான் ஒளிந்திருக்கும். ஃப்ளோட் விடைகளை அச்சொட்டாக ஒப்பிடாமல் சிறு வித்தியாசத்துக்கு இடம் கொடுங்கள்.

5. எப்போது நிறுத்துவது

தொடங்கும் நாளிலேயே டிக்கெட்டில் எழுதிவிடுங்கள். இந்த மூன்றில் எது முதலில் வந்தாலும் வேலை முடிந்தது: கேட்டுக்கொண்ட இலக்கை அடைந்தால், கணக்கிட்ட எல்லையில் 1.5 மடங்குக்குள் வந்தால், 5 வேலை நாள் கடந்தால். ஐந்தாம் நாள் முடிவில் கையில் இருக்கும் நல்ல நிலையை மெர்ஜ் செய்து, முயன்றதையும் எல்லையையும் எழுதி மூடுங்கள். தொடர வேண்டுமானால் புது டிக்கெட், புதுக் காரணம்.

கடைசி 10 சதவீதத்தின் ஈர்ப்பு மிக வலுவானது. அதற்கான கோடு பெரும்பாலும் ஒரே பிராசசருக்கு மட்டும் பொருந்தும், யாராலும் படிக்க முடியாது, பராமரிப்பு உங்கள் தலையிலேயே விழும். பிறகு அந்த ஃபைலை யார் தொட்டாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

6. வேலை கண்ணில் படட்டும், தங்கட்டும்

'16,400 சைக்கிள் 300 ஆனது' என்பது உங்களுக்குப் பெரிய விஷயம். மேலாளருக்கு அது வெறும் எண். பயனர் காத்திருக்கும் நேரம், 99-ஆவது பெர்சென்டைல் (நூற்றில் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரம்), தேவைப்படும் சர்வர்களின் எண்ணிக்கை, பேட்டரி செலவு என்று மாற்றிச் சொல்லுங்கள். இது விளம்பரம் இல்லை. செய்த வேலை யாருக்கு உதவியது என்று உங்களுக்கே தெரிய வேண்டும்.

கசப்பு வருவதற்கு இன்னொரு காரணம், மூன்று வாரம் பாடுபட்டு எடுத்த வேகத்தை வேறொருவர் ஒரே கமிட்டில் அறியாமல் கெடுப்பது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு மெர்ஜுக்கும் ஓடும் ஒரு பெஞ்ச்மார்க் வையுங்கள். பகிர்ந்த மெஷினில் நேரம் தடுமாறும் என்பதால் இன்ஸ்ட்ரக்‌ஷன் எண்ணிக்கையை அளவாக வைக்கலாம். அது ஓட்டத்துக்கு ஓட்டம் பெரிதாக மாறாது. கேஷ் பிரச்சினைகளை அது காட்டாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

7. ஒரு நாளுக்கு எவ்வளவு

அசெம்பிளியை ஊன்றிப் படிக்கும் கவனம் நாளுக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். அதற்கு மேல் பெரும்பாலானவர்களுக்குத் தாங்காது. மீதி நேரத்தில் டெஸ்ட் எழுதுவது, குறிப்பைச் சீர்செய்வது, ரிவ்யூ. நீண்ட பெஞ்ச்மார்க்கை மாலையில் ஓட விட்டுக் கிளம்புங்கள்; விடையைக் காலையில் பாருங்கள், இரவு போனில் பார்க்க வேண்டாம். பார்த்தால் தூக்கத்தில் அடுத்த ஊகம் ஓடிக்கொண்டிருக்கும்.

சில அறிகுறிகளை முன்கூட்டியே கவனியுங்கள்: கணிப்பு எழுதாமல் ஆப்ஷன்களைக் குருட்டுத்தனமாக மாற்றிப் பார்ப்பது, தடுமாற்ற எல்லைக்குள் இருக்கும் 1 சதவீதத்துக்காகச் சண்டை போடுவது, மற்றவர் கோடைப் படிக்கும்போதே எரிச்சல் வருவது. இவை இரண்டு வாரம் நீடித்தால் மேலாளரிடம் பேசி ஒரு மாதம் வேறு வகை வேலை கேளுங்கள்: டாக்குமென்டேஷன், புதிய அம்சம், கற்றுக்கொடுப்பது. தூக்கம் கெட்டு, வேலைக்கு வெளியிலும் எதிலும் பிடிப்பில்லை என்ற நிலை வந்தால் டாக்டரைப் பாருங்கள். அந்த நிலையைப் பெஞ்ச்மார்க் முறையால் சரிசெய்ய முடியாது.

ஆள் பற்றாக்குறை, சாத்தியமில்லாத கெடு, ஒருவர் தலையிலேயே எல்லாம் விழுவது, இவையெல்லாம் இருக்கும் இடத்தில் இந்த வழிகாட்டி பாதிதான் உதவும். எல்லைக் கணக்கை எழுத்தில் வைத்திருந்தால், 'இது 20 மில்லிசெகண்டுக்குக் கீழே போகாது, காரணம் இது' என்று கெடு வைப்பவரிடம் காட்டவாவது முடியும்.

8. முதல் நான்கு வாரம்

முதல் வாரம், மேலே சொன்ன கூட்டல் லூப்பை 1, 4, 8 வேரியபிள்களோடு எழுதி, கணக்கும் அளவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் உங்கள் பிராசசரின் கூட்டல் நேரம் 4 சைக்கிள் இல்லை என்றோ, கம்பைலர் ஏதோ மாற்றியிருக்கிறது என்றோ கண்டுபிடிப்பீர்கள், அதுவும் பயிற்சிதான். இரண்டாம் வாரம் ஏ/ஏ சோதனையும் மெஷின் அமைப்பும். மூன்றாம் வாரம், 4,000-க்கு 4,000 மேட்ரிக்ஸ் ஒன்றை வரிசை வழியாகவும் நெடுக்கை வழியாகவும் கூட்டி, கேஷ் மிஸ் எப்படி மாறுகிறது என்று எண்ணுங்கள். சிம்டி இன்ட்ரின்சிக்ஸ், லாக்-ஃப்ரீ, கெர்னல் பைபாஸ் போன்ற கடினமான உத்திகள் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

நான்காம் வாரம் உங்கள் நிஜ புராஜெக்டைப் புரொஃபைல் செய்து, அகலமான ஒரு ஃபங்ஷனை எடுத்து, அதன் எல்லையைப் பேப்பரில் கணக்கிடுங்கள். இப்போது எடுக்கும் நேரம் அந்த எல்லையில் 1.5 மடங்குக்குள் ஏற்கனவே இருந்தால், ஒரு வரியும் மாற்றாமல், கணக்கை ஃபங்ஷனுக்கு மேலே கமென்டாக எழுதி கமிட் செய்துவிட்டு, அடுத்த அகலமான பட்டையைப் பாருங்கள்.